ஆவதியின் நாடபிரபுக்கள்: கெம்பே கௌடரைப் பெற்ற குலம்

பெங்களூரு நகரை 1537-ல் நிறுவியவராகப் போற்றப்படும் முதலாம் கெம்பே கௌடரின் பெயர் இன்று பேருந்து நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் சூட்டப்பட்டிருந்தாலும், அவர் தனித்து எழுந்த தலைவர் அல்லர். நந்தி மலையைச் சுற்றியுள்ள நிலப்பரப்பில் பல கிளைகளாகப் பிரிந்து மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக அதிகாரம் செலுத்திய ஒரு குலத்தின் எலஹங்காக் கிளையைச் சேர்ந்தவர். இக்குலத்தவர் ஆவதி நாடபிரபுக்கள் எனப்படுகின்றனர். பேரரசுக்குத் திறை செலுத்திக்கொண்டு, ஒரு நாட்டுப் பகுதியின் வரித்தண்டலையும் காவலையும் வழிவழியாக ஏற்று நடத்தியவரே நாடபிரபு ஆவார்.

குலவழக்கின்படி, காஞ்சிபுரத்தை அடுத்த ஆலூரில் வாழ்ந்த ரணபைரே கௌடரும் அவருடைய தம்பியர் அறுவரும், தங்கள் குடும்பப் பெண்ணான தொட்டம்மாவை மணக்கக் கேட்டு அவ்வூர்த் தலைவன் நெருக்கியதால், குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு இரவோடு இரவாக வெளியேறிப் பாலாற்றைக் கடந்து, 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆவதி என்னும் ஊரில் குடியேறினர். காஞ்சிபுரம் என்றதும் தமிழ் வாசகர் உரிமை கொண்டாட முற்படுவது இயல்பே. ஆயினும் இக்குலம் சார்ந்த மொரசு ஒக்கலிகர் என்னும் வேளாண் சமூகத்தில் கன்னடம் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் உண்டு என்பதாலும், இக்கதை கல்வெட்டைவிடச் செவிவழிச் செய்தியையே பெரிதும் சார்ந்திருப்பதாலும், இதைக் குலத்தின் நினைவாகக் கொள்வதே பொருந்தும்.

அந்த நினைவு சடங்குகளிலும் பதிந்தது. வண்டியைத் தெய்வமாக வழிபடும் 'பண்டி தேவரு' வழிபாடு இச்சமூகத்துக்கே உரியது. அதனோடு தொடர்புடைய கொடிய வழக்கம் ஒன்றும் இருந்தது: மூத்த மகளுக்குக் காது குத்துவதற்கு முன் தாயின் மோதிர விரல், சுண்டு விரல் ஆகிய இரண்டின் நுனிக் கணுக்களும் துண்டிக்கப்பட்டன. அசுரனுக்கு அஞ்சி ஒளிந்த சிவனை விரல் நீட்டிக் காட்டிக்கொடுத்த உழவனுக்காக அவன் மனைவி தன் விரல்களைத் தந்தாள் என்று இதற்குப் புராணக் காரணம் சொல்லப்பட்டது. முதலாம் கெம்பே கௌடர் இவ்வழக்கத்தை ஒழித்தார் என்பது மரபு. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் இதை நடைமுறையில் இருந்த வழக்கமாகவே குறிப்பிடுகிறார். எனவே கெம்பே கௌடரின் தடை உறவுக் கிளைகளின் நிலங்களை எட்டவில்லை என்று கருத இடமுண்டு.

விஜயநகரத்துக்கு அடங்கியிருந்த எலஹங்காத் தலைவருக்கு பேரரசர் அச்சுத ராயர் அல்சூர், பேகூர், வர்த்தூர், ஜிகணி, கெங்கேரி முதலிய ஊர்களை வழங்கினார் என்பர்.  அல்சூருக்கும் பேகூருக்கும் இடைப்பட்ட கோரமங்களாவில், இரவுதோறும் இடிந்து விழுந்த பெங்களூருக் கோட்டை வாயில் நிலைபெறுவதற்காகத் தன்னையே பலியிட்டுக்கொண்டதாகச் சொல்லப்படும் கெம்பே கௌடரின் மருமகள் இலட்சுமிதேவியின் நினைவிடம் உள்ளது. கட்டுமானத்துக்கு உயிர்ப்பலி கேட்கும் கதைகள் பல நாடுகளில் வழங்குவதால் இதை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. மன்னரின் அனுமதியின்றி நாணயம் அச்சிட்ட குற்றத்துக்காகக் கெம்பே கௌடர் ஆனெகுந்தியில் ஐந்தாண்டுகள் சிறையிருந்தார் என்ற செய்தியோ நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. திறை செலுத்தும் தலைவன் நாணயம் வெளியிடுவது தன்னரசுக்கான முதற்படி என்பதை விஜயநகரம் நன்கறியும்.

எலஹங்காக் கிளையிடம் பெங்களூரு இருந்தது நூறு ஆண்டுகளே. 1638-ல் பீஜப்பூர்த் தளபதி ரணதுல்லா கான், சிவாஜியின் தந்தை ஷாஜியுடன் வந்து நகரைக் கைப்பற்றியதும் கெம்பே கௌடரின் வழியினர் மேற்கே மாகடிக்கு ஒதுங்கினர். பெங்களூரு ஷாஜியின் ஜாகீராக, அதாவது பணிக்கு ஈடாக வழங்கப்பட்ட வருவாய் நிலமாக மாறியது. தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவிய ஏகோஜி இந்த ஷாஜியின் மகனே. மாகடியிலும் சாவன்துர்க்க மலைக்கோட்டையிலும் தொண்ணூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்த கிளையை 1728-ல் மைசூர்ப் படை வென்றது. அதன் கடைசித் தலைவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார்.

அயர்லாந்தின் ஓ'நீல் குலத் தலைவர் ஆங்கிலேயரிடம் தோற்றபின் 1607-ல் ஐரோப்பியக் கண்டத்துக்குக் கப்பலேறியதோடு அக்குலத்தின் ஆட்சி குலைந்ததைப் போல, இங்கும் பெங்களூருவிலிருந்து நிகழ்ந்த வெளியேற்றமே முடிவின் தொடக்கமாயிற்று. ஆனால் ஆவதிக் குலத்தில் எல்லாக் கிளைகளும் ஒருசேர வீழவில்லை. தொட்டபள்ளாப்பூரும் பீஜப்பூரிடமே வீழ, தேவனஹள்ளி 1749-ல் மைசூர்ப் படை முற்றுகையிட்டுக் கைப்பற்றும் வரை நின்றது. அம்முற்றுகையில்தான் ஹைதர் அலி படைவீரராக முதன்முதலில் பெயர் பெற்றார். அதே ஹைதரிடம் 1762-ல் வீழ்ந்த சிக்கபள்ளாப்பூரே மிக நீண்ட காலம் நிலைத்த கிளை. அதன் தலைவர்களின் பெயர்கள்தாம் இன்று எவர் நினைவிலும் இல்லை.

2022-ல் கெம்பே கௌடரின் 108 அடி உயர வெண்கலச் சிலை திறக்கப்பட்ட விமான நிலையம்கூட எலஹங்காக் கிளையின் நிலத்தில் இல்லை. தேவனஹள்ளிக் கிளை ஆண்ட நிலத்தில்தான் இருக்கிறது. நந்தி மலைக்குச் செல்வோர் தேவனஹள்ளிக் கோட்டையையும், அதற்கு அப்பால் நெடுஞ்சாலையோரம் உள்ள ஆவதியையும் இறங்கிப் பார்த்துவிட்டுச் செல்வது நன்று.