கழுத்தில் போட்ட டியூப்: அதைப் பிடித்து நிறுத்துவது எது?



வட்டக்கோட்டை, அஞ்சுகிராமம் பக்கத்திலிருந்து டயாலிசிஸுக்காக வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நாகர்கோவில் போய் வருபவர்களில் சிலருக்குக் கழுத்தோரம் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அதன் கீழே சிவப்பும் நீலமுமாக இரண்டு குழாய் முனைகள் தொங்கும். வீட்டில் உள்ளவர்கள் "டியூப் போட்டிருக்கு" என்பார்கள். மருத்துவமனையில் அதற்குப் பெயர் சென்ட்ரல் லைன். அந்தக் குழாயைப் பற்றி டாக்டர் எல்லாம் சொல்லியிருப்பார். அதை அந்த இடத்தில் பிடித்து வைத்திருக்கும் பொருளைப் பற்றி நம்மில் யாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு முக்கியமாகக் கவனிக்க வேண்டியதே அதுதான்.

கையில் குத்தும் சாதாரண ஊசி தோலுக்கடியில் உள்ள சிறு இரத்தக் குழாயோடு நின்றுவிடும். சென்ட்ரல் லைன் அப்படியல்ல. கழுத்து, தோள்பட்டைக்குக் கீழ், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஒன்றின் வழியாக உள்ளே போகும். கழுத்திலோ மார்பிலோ போட்டால் அதன் நுனி இதயத்தின் வாசலில் உள்ள பெரிய இரத்தக் குழாயில் போய் நிற்கும். கேன்சர் மருந்து ஏற்றுபவர்களுக்கு மேல்கையில் போடும் 'பிக் லைன்' என்பதும் இதே வகைதான். இந்த லைன் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே நழுவினாலும் கஷ்டம். மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது. டயாலிசிஸில் இரத்த ஓட்டம் குறையும். மெல்ல உள்ளும் வெளியுமாக அசைந்துகொண்டிருந்தால் தோலின் மேலிருக்கும் கிருமி அந்த வழியாக நேரே இரத்தத்துக்குள் இறங்கிவிடும்.

இதைப் பிடித்து நிறுத்தப் பழைய வழி தையல்தான். காயத்தைத் தைப்பது பற்றி ஆயிரம் வருடத்துக்கு முன்பே குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இன்றும் அரசு மருத்துவமனை முதல் பெரிய தனியார் மருத்துவமனை வரை ஐ.சி.யூ.வில் அவசரத்துக்கு லைன் போட்டால், குழாயின் இரு பக்கச் சிறகுகளையும் நூலால் தோலோடு தைத்துவிடுவார்கள். செலவு குறைவு, பிடிப்பு நல்லது, வியர்த்தாலும் கழன்று வராது. குறையும் உண்டு. ஒவ்வொரு தையலும் தோலில் ஒரு புதிய ஓட்டை. அந்த இடம் சிவந்து புண்ணாகலாம். தைப்பவரின் கையில் ஊசி குத்தும் ஆபத்தும் உண்டு. யாராவது இழுத்துவிட்டால் தையல் தோலைக் கிழித்துக்கொண்டு வரும்.

அதனால் தையல் இல்லாத வழிகள் வந்தன. ஒன்று, ஒட்டும் பட்டையில் பிளாஸ்டிக் கிளிப் வைத்தது. 'ஸ்டாட்லாக்' என்ற பெயரில் பலர் பார்த்திருக்கலாம். குழாயை அந்தக் கிளிப்பில் பூட்டிவிடுவார்கள். வலி இல்லை. ஆனால் வாரம் ஒரு தடவையாவது பட்டையை மாற்ற வேண்டும், மாற்றும் அந்தச் சில நிமிடம் குழாய்க்குப் பிடிப்பே இருக்காது. இன்னொன்று 'செக்யூர் அகாத்'. குழாய் நுழையும் அதே துளைக்குள் இரண்டு சின்ன உலோகக் கால்களை விட்டுத் தோலுக்கடியில் விரித்து நங்கூரம் போல் நிறுத்துவது. லைன் இருக்கும் வரை அதை மாற்ற வேண்டியதில்லை. பதினைந்து நாளோ அதற்கு மேலோ பிக் லைன் வைத்திருக்க வேண்டியவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2017-இல் சொன்னது. எடுக்கும்போது சிலருக்கு வலிக்கும். மூன்றாவது, தோலை ஒட்டும் மருத்துவப் பசை. துளையைச் சுற்றி இரத்தக் கசிவை நிறுத்தவும் இது உதவும். கடையில் விற்கும் சூப்பர் க்ளூவும் இதே இரசாயனக் குடும்பம்தான். அதற்காக வீட்டில் யாரும் அதைக் கையில் எடுத்துவிட வேண்டாம்!

நாள்பட டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் போடும் 'பெர்ம் கேத்' கொஞ்சம் வேறு. மார்புத் தோலுக்கடியில் சுரங்கம் மாதிரி கொண்டுபோய்ப் போடும் அந்தக் குழாயில் துணி போன்ற ஒரு வளையம் இருக்கும். சில வாரங்களில் சதை வளர்ந்து அதைப் பற்றிக்கொள்ளும். பிறகு தையலைப் பிரித்துவிடுவார்கள். "தையலைப் பிரிச்சுட்டாங்களே, கழன்று விழுமோ" என்று வாப்பாவை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

இவற்றில் எது சிறந்தது? 2015-இல் காக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பிடித்து நிறுத்தும் முறைகளில் இதுதான் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல ஆதாரம் போதவில்லை. கிருமிநாசினி மருந்து கலந்த டிரெஸ்ஸிங் இரத்தத்தில் கிருமி சேர்வதைக் குறைக்கிறது என்பது மட்டும் அதில் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவின் சி.டி.சி. 2011-இல் தையலில்லாத முறையைப் பரிந்துரைத்தது. அதுவும் யோசனை அளவில்தான்.

எங்கள் கருத்து இது. கடற்கரைப் பக்கம் வாழும் நமக்கு வியர்வையும் ஈரக் காற்றும் கூடுதல். ஒட்டும் பட்டை ஏ.சி. அறையில் நிற்பதுபோல் நம் வீட்டில் நிற்காது. சில நாட்களுக்கு மட்டும் கழுத்தில் போடும் லைனுக்குத் தையல் போட்டிருந்தால், பழைய முறை என்று யாரும் குறைப்பட வேண்டாம். மாதக்கணக்கில் இருக்கப்போகும் பிக் லைன் என்றால், தையலில்லாமல் செய்ய முடியுமா, செலவு எவ்வளவு, காப்பீட்டில் வருமா என்று போடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

எந்த முறையானாலும் மேலே ஒட்டும் டிரெஸ்ஸிங் ஓரம் தூக்காமல், நனையாமல் இருக்க வேண்டும். கண்ணாடி போன்ற டிரெஸ்ஸிங் என்றால் ஏழு நாளுக்கு ஒருமுறை, துணிக் கட்டு என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். நனைந்தாலோ கழன்றாலோ அந்தக் கணக்கெல்லாம் இல்லை, உடனே மாற்ற வேண்டும், அதுவும் பயிற்சி பெற்ற கையால்.

நம் வீடுகளில் லைன் இழுபடுவதற்கென்றே சில சந்தர்ப்பங்கள் உண்டு. உம்மாவின் மக்கனாவைத் தலைவழியே கழற்றும்போது குழாய் மாட்டிக்கொள்ளும். ஹிஜாப் பின் குழாயில் குத்தினால் ஓட்டை விழும். ஆகவே லைன் இருக்கும் நாட்களில் பின் இல்லாமல் தளர்வாகச் சுற்றும் துப்பட்டாவும், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் போதும். மடியில் ஏறும் பேரப்பிள்ளைகளை லைன் இல்லாத பக்கம் உட்கார வையுங்கள்.

உளூவைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். கழுத்தும் மார்பும் உளூவில் கழுவ வேண்டிய உறுப்புகள் அல்ல. பிக் லைனும் வழக்கமாக முழங்கைக்கு மேலேதான் இருக்கும். கவனமாகச் செய்தால் டிரெஸ்ஸிங் நனையாமலே உளூ நிறைவேறும். கடமையான குளிப்புதான் கேள்வி. தண்ணீர் படக்கூடாத கட்டு இருந்தால் மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மேல் மஸ்ஹு செய்வது ஹனஃபி மத்ஹபின் வழி. ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்முமும் சேரும். தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டுமா என்பது கட்டு எங்கே, எப்படிப் போடப்பட்டது என்பதைப் பொறுத்தது. உங்கள் பள்ளி ஆலிமிடம் அந்த விவரத்தோடு கேளுங்கள். தொடையில் லைன் உள்ளவர் ருகூஃ, ஸஜ்தாவுக்காக இடுப்பை மடக்கக் கூடாது. இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகைப்படி படுத்தே சைகையால் தொழலாம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், லைன் போட்ட இடத்தில் சீழ் அல்லது சிவப்பு, குழாய் முன்பைவிட நீளமாக வெளியே தெரிவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காதீர்கள். வெளியே வந்த குழாயை ஒருபோதும் உள்ளே தள்ளக் கூடாது.

முழுவதுமாக உருவி வந்துவிட்டால், நோயாளியை உடனே மல்லாக்கப் படுக்க வையுங்கள். சுத்தமான துணியை மடித்துத் துளையின் மேல் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-க்குப் போன் செய்யுங்கள். உட்கார்ந்த நிலையில் அந்தத் துளை வழியே காற்று இரத்தக் குழாய்க்குள் இழுக்கப்படலாம், அது உயிருக்கே ஆபத்து. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகிறதே என்று பைக்கின் நடுவில் உட்காரவைத்து ஆசாரிப்பள்ளத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள்.