அவசர பிறேக்: மிதித்த காலை எடுக்காதீர்கள்



யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரிலும் ஏ போர்ட்டியிலும் கார் ஓடப் பழகிய அப்பாமாரும் மாமாமாரும் நம்மில் பலருடைய வீடுகளில் இருக்கிறார்கள். "பிறேக்கை ஒரேயடியாக அமத்தாதை, விட்டு விட்டு மிதி" என்றுதான் என் அப்பாவும் எனக்குச் சொல்லித் தந்தார். அந்தக் கார்களுக்கு அது சரியான பாடம். முழுதாக மிதித்தால் சில்லு இறுகி வழுக்கும். ஸ்ரியறிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. ஆனால் இன்று நியூ ஜேர்சியின் நெடுஞ்சாலைகளில் நாங்கள் ஓடும் கார்களுக்கு அதே பாடம் ஆபத்தாகிவிடுகிறது.

மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1992இல் பேர்லினில், வீதியில் ஓடுவது போலவே தோன்றும் ஒரு சோதனைக் கூடத்தில் சாரதிகளை ஓடவிட்டுப் பார்த்தது. திடீர் ஆபத்து வந்ததும் கால் வேகமாகத்தான் பிறேக்குக்குப் போனது. ஆனால் பெரும்பாலானோர் போதிய பலத்துடன் அமத்தவில்லை. இந்தக் குறையை நிரப்ப 1996இல் அந்நிறுவனம் கொண்டுவந்ததுதான் பிறேக் அசிஸ்ற்.

பலம் குறைந்தால் என்ன நடக்கும்? மணிக்கு 60 மைல் வேகத்தில், காய்ந்த வீதியில், முழுப் பலத்துடன் பிறேக் பிடித்தால் கார் சுமார் 150 அடியில் நிற்கும். பாதிப் பலம் என்றால் 300 அடி வேண்டும்.

பிறேக் அசிஸ்ற், மிதி எவ்வளவு வேகமாகக் கீழே போகிறது என்பதை அளக்கிறது. வழமையைவிட மிக வேகம் என்றால் "இது ஆபத்து" என்று கணித்து, மீதிப் பலத்தைத் தானே கொடுக்கிறது. சில்லு இறுகாமல் பார்ப்பது ஏ.பி.எஸ். அன்று அப்பா காலால் விட்டு விட்டுச் செய்ததை, அது ஒரு விநாடிக்குள் பல தடவை செய்கிறது. அப்போது மிதி படபடவென்று அதிரும், சத்தமும் வரும். கார் பழுதாகிவிட்டது என்று பயந்து காலை எடுத்தால், ஆபத்து முடிந்தது என்று எண்ணி பிறேக் அசிஸ்ற் உதவியை நிறுத்திவிடும். ஆகவே ஒரே மிதி, முழு மிதி, கார் நிற்கும் வரை.

கமெரா, ராடர் மூலம் முன்னால் இருப்பதைக் கண்டு தானாகவே பிறேக் பிடிப்பது வேறொரு வசதி. 2016இல் 20 கார் நிறுவனங்கள் அமெரிக்காவில் அதைப் பொதுவாக்க உடன்பட்டன. பழைய கார் வாங்குபவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். பிறேக் அசிஸ்ற்றுக்குக் கண் இல்லை. நீங்கள் மிதித்தால்தான் அது உதவும்.

ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத பெரிய கார்த் தரிப்பிடத்தில், ஆசனப் பட்டியைப் போட்டுக்கொண்டு, 20 மைல் வேகத்தில் ஒருதரம் முழுதாக மிதித்துப் பாருங்கள். அந்த அதிர்வை உங்கள் கால் அறிந்திருக்கட்டும். வீட்டில் கார் பழகும் பிள்ளைக்கும், இன்னும் கார் ஓடும் அப்பாவுக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள்.