புல் காய்ந்தது, ஜெயில் கிடைத்தது!

வீட்டு வாசலில் புல் காய்ந்து போனால் என்ன ஆகும்? மாடு மேய வராது, அவ்வளவுதானே என்பீர்கள்.

அமெரிக்காவில் ஒருவர் ஜெயிலுக்குப் போனார்!

2008-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நடந்தது இது. புளோரிடா ராஜ்யத்தில் ஒரு புறநகர்க் குடியிருப்பு. அங்கே 66 வயதுப் பெரியவர் ஒருவர் வசித்து வந்தார். பேரன் பேத்தி எடுத்தவர். அவர் வீட்டு முன்புறத்தில் தண்ணீர் தெளிக்கும் குழாய் பழுதாகிவிட்டது. புல்தரை காய்ந்தது. புதுப் புல் பதிக்கக் கையில் பணம் இல்லை. வீட்டுக் கடனின் தவணையோ ஏறிவிட்டது.

குடியிருப்பின் சங்கம் எச்சரிக்கை விடுத்தது. பிறகு கோர்ட்டுக்குப் போயிற்று. புல்தரையைச் சீர்படுத்தும்படி நீதிபதி உத்தரவிட்டார். பெரியவரால் முடியவில்லை. கோர்ட்டை அவமதித்த குற்றத்துக்காக அவரைச் சிறையில் அடைத்துவிட்டார்கள்.

திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை, புல்லைக் காயவிட்டார். அதுதான் குற்றம்!

அவர் எப்படி வெளியே வந்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், ஒரு மனிதரை இந்தக் கதிக்கு ஆளாக்கிய அந்தச் சங்கம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

வீட்டோடு வரும் சங்கம்

பட்டணத்துக்கு வெளியே ஒரு கம்பெனி நிலத்தை வாங்கி, பாதை போட்டு, வரிசை வரிசையாக வீடு கட்டி விற்கிறது. விற்பதற்கு முன்பே ஒரு விதிப் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்துவிடுகிறது. வீட்டை வாங்குகிறவர் அந்தக் கணமே "வீட்டுச் சொந்தக்காரர் சங்க"த்தின் அங்கத்தினர் ஆகிவிடுகிறார். "எனக்குச் சங்கம் வேண்டாம்" என்று சொல்ல முடியாது. சங்கம் வேண்டாமென்றால் வீடும் வேண்டாம்! வீட்டை விற்றாலும் விதி விடாது. நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, அடுத்து வாங்குகிறவர் தலையில் ஏறிக்கொள்ளும்.

பாதை, பூங்கா, நீச்சல் குளம் எல்லாம் பல இடங்களில் சங்கத்தின் பொறுப்பு. அதற்காகச் சந்தா வசூலிக்கிறார்கள். நகரசபைக்குச் செலவு மிச்சம். ஆகவே அதற்கும் சந்தோஷம்தான்.

அதோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. வாசற்கதவுக்கு என்ன வர்ணம் பூசலாம், வேலி எத்தனை அடி இருக்கலாம், குப்பைத் தொட்டி எந்த நேரம் தெருவில் நிற்கலாம், கிறிஸ்துமஸ் விளக்கை எந்தத் தேதிக்குள் கழற்றவேண்டும் - இப்படி விதிகள் நீளுகின்றன. மீறினால் அபராதம்.

ஏன் இந்தக் கெடுபிடி? அடுத்த வீடு அலங்கோலமாக இருந்தால் தன் வீட்டின் விலை இறங்கிவிடும் என்ற பயம்தான்! அங்கே நடுத்தரக் குடும்பத்துக்கு வீடுதான் ஆஸ்தி. ஆயுள் முழுதும் கடன் கட்டி வாங்கியது. அந்தப் பயத்தையும் நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

1970-ல் இத்தகைய சங்கங்கள் சுமார் 10,000 இருந்தன. அடுக்குமாடிக் கட்டடங்களின் சங்கங்களையும் சேர்த்து, இன்று 3½ லட்சத்துக்கும் மேல். சுமார் 7½ கோடி ஜனங்கள் இவற்றின் கீழ் வாழ்கிறார்கள்.

பத்திரத்தில் இருந்த கறை

நியூஜெர்சி ராஜ்யத்தில் 1929-ல் தொடங்கிய ராட்பர்ன் குடியிருப்பு இதற்கு ஒரு முன்மாதிரி. பூங்காக்களும் நடைபாதைகளும் நிறைந்த அழகான இடம். அதற்கும் முன்பே கான்சாஸ் நகரில் ஜே. சி. நிக்கல்ஸ் என்ற நில வியாபாரி, விதிப் பத்திரம் எழுதி வீடு விற்றார்.

அந்தக் காலத்துப் பத்திரங்கள் பலவற்றில் ஒரு கொடிய விதியும் இருந்தது. நீக்ரோக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட கறுப்பு இனத்தவர் அங்கே வீடு வாங்கக்கூடாது, குடியிருக்கக்கூடாது என்ற விதி அது! 1948-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, இந்த விதியை எந்தக் கோர்ட்டும் அமுல் நடத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 1968-ல் இன பேதம் காட்டி வீடு மறுப்பதே சட்டவிரோதம் ஆயிற்று. ஆனால் பழைய பத்திரங்கள் பலவற்றில் அந்த எழுத்து இன்னும் அழியாமல் கிடக்கிறது.

இரண்டு கொடிகள்

துணி உலர்த்தும் கொடி நம் வீட்டுக் கொல்லையில் சாதாரண விஷயம். அமெரிக்காவில் பல சங்கங்களுக்கு அது கண் உறுத்தல். வெயில் கொளுத்தும் நாளிலும் மின்சார யந்திரத்தில்தான் துணியை உலர்த்த வேண்டும்! கடைசியில் கலிபோர்னியா சர்க்கார் 2015-ல் சட்டம் போட்டு, சொந்தக் கொல்லையில் கொடி கட்ட உரிமை கொடுத்தது.

இன்னொரு கொடி, தேசியக் கொடி! அதை வீட்டில் பறக்கவிடும் உரிமைக்கே 2006-ல் அமெரிக்காவில் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அப்படியும் வழக்கு ஓயவில்லை. வான் பார்பூட் என்பவர் இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மன் டாங்கியை எதிர்த்து நின்று, நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர். 2009-ல், 90-வது வயதில், வர்ஜீனியாவில் தம் வீட்டின் முன் 21 அடிக் கம்பம் நட்டுக் கொடியேற்றி வந்தார். "கொடிக்கு ஆட்சேபம் இல்லை, கம்பத்துக்குத்தான் ஆட்சேபம்" என்கிற தோரணையில் சங்கம் நோட்டீஸ் விட்டது. நாடே கொதித்தது. சங்கம் பின்வாங்கியது. ஜெர்மன் டாங்கிக்கு அஞ்சாதவர் சங்கத்துக்கா அஞ்சுவார்?

வீடே போயிற்று!

சிரிக்க முடியாத கதையும் உண்டு. 2008-ல் டெக்ஸாஸைச் சேர்ந்த ஒரு ராணுவ அதிகாரி ஈராக் போர்முனையில் இருந்தார். கணவருக்கு என்ன ஆகுமோ என்ற ஏக்கத்தில், வந்த கடிதங்களை மனைவி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவற்றில் சங்கத்தின் நோட்டீசுகளும் இருந்தன. சந்தா பாக்கி 1,000 டாலருக்கும் குறைவு. சுமார் 3 லட்சம் டாலர் பெறுமான வீடு, கடனே இல்லாத வீடு, ஏலத்தில் 3,500 டாலருக்குள் போய்விட்டது! கோர்ட்டில் போராடி 2010-ல்தான் திரும்பப் பெற்றார்கள்.

அதுவரை டெக்ஸாஸில் கோர்ட்டுக்குப் போகாமலேயே இப்படி ஏலம் போட முடிந்தது. 2011-ல் சட்டசபை விழித்துக்கொண்டு, கோர்ட்டு உத்தரவு வேண்டும் என்று சட்டம் செய்தது. மற்ற ராஜ்யங்களும் கடிவாளம் போடுகின்றன. பஞ்ச காலத்தில் புல் காய்ந்தால் அபராதம் கூடாது என்று கலிபோர்னியா 2014-ல் சொல்லிற்று. அபராத பாக்கிக்காக மட்டும் வீட்டை ஏலம் விடக்கூடாது என்று கொலராடோ 2022-ல் தடுத்தது.

மண்வெட்டியோடு வந்தவர்கள்

சரி, ஜெயிலில் இருந்த பெரியவர் என்ன ஆனார்?

செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தார் திரண்டு வந்தார்கள். மண்ணைக் கொத்தினார்கள். புதுப் புல் பதித்தார்கள். குழாயையும் பழுது பார்த்தார்கள். வாசல் பச்சென்று ஆயிற்று. ஓரிரு நாளில் பெரியவர் வீடு திரும்பினார்.

சங்கம் என்பது யார்? அதே தெருவில் வசிக்கிறவர்கள்தான். விதிப் பத்திரத்தைக் கையில் எடுத்தபோது அவரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். மண்வெட்டியைக் கையில் எடுத்தபோது அவரை மீட்டுவந்தார்கள்.

முதல் கடிதம் எழுதும் முன்பே யாராவது ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "என்ன ஐயா, புல் காய்கிறதே, ஏதும் கஷ்டமா?" என்று கேட்டிருந்தால்?

சங்கத்துக்கும் செலவில்லை, கோர்ட்டுக்கும் வேலையில்லை!