வேலி பாயும் ஆட்டை விற்க முன்னர்...

"நாலும் நல்ல ஆடுகள்தான். இந்த ஒண்டுதான் ஊர்ச் சண்டையெல்லாம் கொண்டு வருது." ஆடு வளர்க்கும் எமது சகோதரிகள் கூடும் இடங்களில் இந்த முறைப்பாடு அடிக்கடி கேட்கும். வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைவது, படலைக் கொளுக்கியைத் தட்டித் திறப்பது, அடுத்த வளவு மிளகாய்க் கன்றுகளை மேய்வது, மற்ற ஆடுகளை முட்டி விரட்டுவது என்று அதன் குழப்படிகள் பலவிதம்.

2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த பின்னர், வன்னியில் மீள்குடியேறிய பல குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாக ஆடுகள் கிடைத்தன. அவற்றைப் பொறுப்பேற்றவர்களில் கணிசமானோர் குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள். அவர்களுக்கு ஆடு என்பது பாலும் எருவும் மட்டுமல்ல. பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கும் அவசர வைத்தியத்துக்கும் கைகொடுக்கும் சேமிப்பும் அதுவே. அந்த ஆடு அயல் தோட்டத்துக்குள் புகுந்தால் "ஆம்பிளை இல்லாத வீடு, ஆட்டையும் அடக்க ஏலாது" என்ற பேச்சு வருகிறது. அந்தச் சொல் சுட, வீட்டுக்கு வந்த வியாபாரி கேட்ட விலைக்கே ஆட்டைக் கொடுத்துவிடுகிறோம். எமது கோபம் வியாபாரிக்கு இலாபமாகிறது.

ஆகவே விற்க முன்னர் ஒரு கேள்வியைக் கேட்போம். இந்த ஆடு ஏன் இப்படிச் செய்கிறது?

குழப்படிக்குக் காரணம் உண்டு

முதலாவது காரணம் பசி. ஆடு மாட்டைப் போலப் புல்லை மட்டும் மேய்ந்து திருப்தியடையாது. தலைக்கு நேரேயும் அதற்கு மேலேயும் உள்ள குழைகளை எட்டிக் கடிப்பதே அதன் இயல்பு. 30 கிலோ நிறையுள்ள ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 கிலோ குழையும் புல்லும் தேவை. வெறுந்தரையில் நாள் முழுவதும் கட்டி வைத்தால், அது வேலிக்கு அப்பால்தான் பார்க்கும்.

இரண்டாவது, உப்புக் குறைபாடு. மண் தின்பதும், சுவரை நக்குவதும், கொடியில் காயும் துணியைச் சப்புவதும் பல வேளைகளில் இதன் அறிகுறிகளே.

மூன்றாவது, தனிமை. ஆடு கூட்டமாக வாழும் பிராணி. மற்றவற்றிலிருந்து பிரித்து ஒன்றை மட்டும் கட்டினால் ஓயாமல் கத்தும், கயிற்றை அறுக்கும்.

நான்காவது, பருவம். மறியாடு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு தடவை கிடாயைத் தேடும். ஒன்றிரண்டு நாட்கள் வாலை ஆட்டிக் கத்தும், உணவில் நாட்டம் குறையும், வேலி பாயும். கிடாய்க்கு விட்டுச் சினைப்பட்டால் இது அடங்கிவிடும்.

ஐந்தாவது, பட்டிக்குள் உள்ள தலைமைப் போட்டி. நான்கு ஆடுகள் நின்றாலும் அவற்றுக்குள் ஒன்று தலைவி. தீனிப் பாத்திரம் ஒன்றே என்றால் அது மற்றவற்றை முட்டித் துரத்தும்.

எனவே மூன்று நாட்கள் கவனியுங்கள். எந்த நேரத்தில் பாய்கிறது, எந்த இடத்தால் போகிறது, போய் எதைத் தின்கிறது என்று பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் குறித்து வையுங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

வீட்டில் செய்யக் கூடியவை

காலையில் அவிழ்த்துவிட முன்னர் ஒரு கட்டுக் குழை கொடுங்கள். பலா, பூவரசு, முள்முருக்கு, கிளிசிரியா எதுவானாலும் ஆட்டின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். நிலத்தில் போட்டு மிதிபட்ட குழையை ஆடு தொடாது. கிளிசிரியாவின் மணம் பிடிக்காத ஆட்டுக்கு அதைச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுக்கலாம். இப்பிலிப்பில் குழையை மட்டுமே தீனியாகக் கொடுக்க வேண்டாம். மற்றக் குழைகளுடன் கலந்து, மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கொடுங்கள். மரவள்ளி இலையும் அலரியும் ஆட்டுக்கு நஞ்சாகும்.

நக்குவதற்குச் சிறிதளவு உப்பு வையுங்கள். தீனியை இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைத்தால் முட்டுவதும் குறையும். கொட்டிலுக்குள் ஒரு மரக்குற்றியையோ கல்லையோ போடுங்கள். ஏறி நிற்க இடமிருந்தால் வேலியில் ஏறும் ஆசை குறையும்.

கிடாய்க் குட்டிகள் நான்கு, ஐந்து மாதங்களிலேயே மறிகளைச் சினைப்படுத்தக் கூடியவை. அதற்கு முன்னரே பிரித்து விடுங்கள் அல்லது கால்நடை வைத்தியரைக் கொண்டு நலமடித்து விடுங்கள்.

வேலிப் பொட்டுகளை அலம்பலால் அடையுங்கள். பொட்டுக்குள் நுழையும் ஆட்டின் கழுத்தில் மூன்று தடிகளை முக்கோணமாகக் கட்டிவிடும் பழைய வழக்கமும் பயன் தரும். தோல் உரசிப் புண்ணாகிறதா என்று தினமும் பாருங்கள். இரவில் கழற்றி விடுங்கள். பாயும் ஆட்டை வேலியருகில் கட்டக் கூடாது. பாய்ந்தால் கயிற்றில் தொங்கி இறந்துவிடும். கட்டில்லாத கிணற்றருகிலும் கட்ட வேண்டாம்.

படலைக்குக் கொளுக்கி மட்டும் போதாது. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கயிற்றை இழுத்து, நெம்புகோலைத் தூக்கித் தீனி எடுக்க ஆடுகளைப் பழக்கினார்கள். 10 மாதங்களுக்குப் பின்னரும் அவ்வாடுகள் அதை மறக்கவில்லை என 2014இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. ஒருமுறை திறக்கப் பழகிய ஆடு மறுநாளும் திறக்கும். படலையின் வெளிப்பக்கத்தில், அதன் வாய் எட்டாதவாறு கயிறு போட்டுக் கட்டுங்கள்.

இதே நினைவாற்றலை நாமும் பயன்படுத்தலாம். தினமும் ஒரே குரலில் கூப்பிட்டு, சிரட்டையில் தவிட்டைக் குலுக்கி, வந்தவுடன் ஒரு பிடி கொடுங்கள். சில நாட்களில் சத்தத்துக்கே ஓடி வரும். அடித்தால் அது எம்மைக் கண்டு ஓடத்தான் பழகும்.

இரண்டு எச்சரிக்கைகள்

மிதிவெடி அடையாளப் பலகை உள்ள இடத்துக்குள் ஆடு போனால் நாம் பின்னால் போகக் கூடாது. பிள்ளைகளையும் அனுப்பக் கூடாது. வெளியே நின்று கூப்பிடுங்கள். கூப்பிட்டவுடன் வரப் பழக்குவது இதற்காகவும்தான்.

நெல் அல்லது அரிசி மூடைக்குள் வாய் வைத்து நிறையத் தின்றுவிட்டால் ஆபத்து. வயிறு ஊதுமுன்னரே கால்நடை வைத்தியரிடம் அறிவியுங்கள்.

அயலவரும் நாமும்

அயல் தோட்டம் அழிந்தால் அவர்கள் வருமுன் நாமே போய்ப் பார்ப்பது நல்லது. நட்டமான கன்றுக்குக் கன்றோ, ஒரு மூடை ஆட்டெருவோ கொடுத்துப் பேசினால் பல சண்டைகள் அத்துடன் நின்றுவிடும். பேசித் தீராவிட்டால் கிராம அலுவலரையோ, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையையோ நாடலாம். தனித்து வாழும் பெண் என்பதற்காகத் திட்டு வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஆட்டினால் வந்த நட்டத்துக்கு நியாயமாகப் பொறுப்பேற்றால் போதும்.

இவ்வளவும் செய்தும் ஆடு பிள்ளைகளை முட்டிக் காயப்படுத்தினால் விற்கத்தான் வேண்டும். அப்போதும் நிறுத்து, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, முடிந்தால் பண்டிகைக் காலத்துக்கு முன் விற்போம். வந்த பணத்தில் ஒரு மறிக்குட்டிக்கு ஒதுக்கி வைப்போம். வைத்திருப்பதோ விற்பதோ எமது கணக்கில் எடுக்கும் முடிவாக இருக்கட்டும். ஊர் வாய்க்குப் பயந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டாம்.