தினமும் வாக்கிங் போகும் அப்பா, தரையிலிருந்து எழக் கை ஊன்றுவது ஏன்?

சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம். எல்லோரும் தரையில் உட்கார்ந்தாச்சு. எழும்போதுதான் சங்கடம். 58 வயது அப்பா ஒரு பக்கமாகச் சாய்கிறார், கையை ஊன்றுகிறார், முட்டி போடுகிறார். கடைசியில் "கொஞ்சம் கை குடுப்பா" என்கிறார். இத்தனைக்கும் தினமும் காலையில் 45 நிமிஷம் வாக்கிங் போகிறவர். சுகர், பிரஷர் எல்லாம் கன்ட்ரோல். அப்புறம் என்ன?

நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால், தசை பலத்துக்கு அது மட்டும் போதாது. சமதளத்தில் நடக்கும்போது முட்டி கொஞ்சம்தான் மடங்கும். தரையிலிருந்து எழுவது அப்படியில்லை. ஆழமாக மடங்கிய முட்டியிலிருந்து உடம்பையே தூக்க வேண்டும். அந்த வேலையை வாக்கிங் கற்றுத்தருவதே இல்லை.

30 வயதைத் தாண்டியதும் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8% வரை தசை குறையும் என்பது பொதுவான மதிப்பீடு. 60-க்குப் பிறகு வேகம் கூடும். இந்த இழப்புக்கு 'சார்கோபீனியா' என்று 1989-ல் பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க். இதில் கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு: கால் தடுக்கினால் சட்டென்று அடுத்த அடி வைத்துச் சமாளிக்க உதவும் 'வேக இழை'களே அதிகம் சுருங்குகின்றன. பாத்ரூமில் வழுக்கினால் சிலர் சமாளிப்பதற்கும் சிலர் விழுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

முன்பெல்லாம் கிணறு, அம்மி, தரையில் சாப்பாடு என வீடே ஜிம்மாக இருந்தது. இன்று டைனிங் டேபிள், சோபா, வெஸ்டர்ன் டாய்லெட். முட்டி வலிக்காரர்களுக்கு இவை அவசியம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், மடங்கி எழும் வாய்ப்பு நாள் முழுக்க வராமலே போய்விடுகிறது.

அந்த வாய்ப்பைத் திட்டமிட்டுத் திரும்பக் கொண்டுவருவதுதான் 'ஃபங்ஷனல் ஸ்ட்ரென்த் டிரெய்னிங்'. பைசெப்ஸ் காட்டும் விஷயமில்லை. 20 லிட்டர் வாட்டர் கேனைத் தூக்குவது, 30 கிலோவை நெருங்கும் முழு கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, மாடி ஏறுவது போன்ற வேலைகளின் அசைவுகளையே பயிற்சியாக்குவது.

தொடங்க ஒரு நாற்காலி போதும், சுவரை ஒட்டிப் போட்டது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழக் கூடாது, இறங்கும்போதும் தசை வேலை செய்கிறது. 8 முதல் 12 தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி இன்னொரு சுற்று. அதோடு சுவரில் கை வைத்துத் தள்ளும் புஷ்-அப், இரண்டு கையிலும் மளிகைப் பையோடு ஹாலில் நடப்பது, முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்கிப் பொருளைத் தூக்கப் பழகுவது.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். இரண்டு வருஷமாக அதே ஒரு கிலோ டம்பெல்! 12 தடவை சுலபமாக வந்துவிட்டால் சுமையைக் கூட்டியாக வேண்டும். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருந்தால்தான் தசைக்குச் சேதி போகும். நாற்காலிக்குப் பதில் குட்டை ஸ்டூல், பிறகு மடியில் ஐந்து கிலோ அரிசிப் பை என்று போகலாம்.

"இந்த வயசுல எதுக்கு?" என்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வு. 1990-ல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 கொண்ட 10 பேருக்கு எட்டு வாரம் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174% கூடியது. 90-லேயே தசை பதில் சொல்லும்போது, 58 எம்மாத்திரம்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரம் 150 நிமிட நடையோடு நிறுத்தவில்லை. வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, 65 தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலையையும் பலத்தையும் சேர்த்த பயிற்சி என்கிறது. வாக்கிங்கை விட வேண்டாம், அதோடு இதையும் சேர்க்க வேண்டும்.

சாப்பாட்டையும் கவனிக்கணும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் கணக்கு. 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். காலையில் நாலு இட்லி, ராத்திரி மூணு தோசை என்றால் கணக்கு உதைக்கும். சுண்டல், பருப்பு, தயிர், மீன் எதையாவது கூட்டணும். சிறுநீரகப் பிரச்னை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இதய நோய், கட்டுக்குள் வராத பிரஷர், சமீபத்தில் ஆபரேஷன் என்றால் பயிற்சிக்கும் முதலில் டாக்டர்தான். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. மறுநாள் தொடை வலித்தால் சாதாரணம். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிட வேண்டும்.

அப்பா எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை. கை ஊன்றாமல் 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை முழுதாக எழுகிறார் என்று எண்ணுங்கள். 60–64 வயதில் ஆண்கள் 14, பெண்கள் 12-க்குக் கீழ் என்றால் சராசரிக்கும் குறைவு என்கிறது அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி. அப்படியே அம்மாவையும் எண்ணச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்களும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாம், தினமும் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருப்பது நீங்கள்தானே.