கையொப்பம் எங்கே விழ வேண்டும்?

வட வேல்ஸில், கான்வி ஆற்றின் கரையில் இருக்கிறது க்விடிர் மாளிகை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குச் சொந்தக்காரர் சர் ஜான் வின். பதவி, நிலக் குத்தகை, பிள்ளையின் படிப்புச் செலவு என்று அவர் தயவை நாடி எழுதியவர்கள் பலர். 1515 முதல் 1690 வரையிலான அந்தக் குடும்பத்துக் கடிதங்களும் ஆவணங்களும் இன்று அபெரிஸ்ட்வித்தில், வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன.

அன்று உதவி கேட்டு எழுதுவதே ஒரு கைவினை. எழுதுகோல், சீவிய வாத்திறகு. மாசிக்காய்ச் சாற்றில் அன்னபேதியும் பிசினும் கலந்தால் மை. எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். உறை கிடையாது. தாளை இரண்டாக மடித்து, முதல் பக்கத்தில் செய்தியும் கடைசிப் பக்கத்தில் முகவரியும் எழுதுவார்கள். பிறகு சிறு பொட்டலமாக மடித்து, அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை குத்துவார்கள்.

எழுதாத இடத்துக்கும் இலக்கணம் இருந்தது. 1568-இல் வில்லியம் ஃபுல்வுட் வெளியிட்ட கடிதக் கையேடு கையொப்பத்துக்கு இடம் வகுத்தது: பெரியவருக்கு எழுதினால் தாளின் அடியில் வலது ஓரம், சமமானவருக்கு நடுவாக, கீழ்ப்பட்டவருக்கு இடப்பக்கம். காகிதம் விலை உயர்ந்த காலம் அது. அதில் பாதியை வெறுமையாக விட்டு, மூலையில் ஒடுங்கிப் பெயரெழுதினால், படிக்கும் முன்பே பணிவு தெரிந்துவிடும்.

ஆனால் பணிவுக்குள் ஒரு கணக்கும் உண்டு. இன்று கொடுப்பவர் நாளை கேட்பார். பைபிளை வேல்ஸ் மொழியில் பெயர்த்த வில்லியம் மார்கன் பிஷப்பான பின், அவரிடம் லான்ருஸ்ட் ஊர்த் தேவாலய வருமானத்தைக் குத்தகைக்குக் கேட்டார் வின். மார்கன் மறுத்தார். தான் செய்த உதவியையெல்லாம் மறந்த நன்றிகெட்டவர் என்று வின் கொதித்தார்.

ஜான் வில்லியம்ஸ் விஷயத்தில் கணக்கு பலித்தது. கான்வி ஊரில் பிறந்த இந்த உறவுக்காரப் பையன், கேம்பிரிட்ஜில் இருந்தபோது வின்னிடம் பண உதவி கேட்டு எழுதியவர். 1621-இல் அவர் இங்கிலாந்தின் அரச முத்திரைக் காப்பாளரானார். வின்னின் மகன் ஓவன் வில்லியம்ஸின் உறவுப் பெண்ணை மணந்தார். இப்போது தயவு கேட்கும் முறை க்விடிர் குடும்பத்துடையது.