பன்னிரண்டு மாடுகளும் ஒரு வயலும்

'நிவெர்னே பகுதியில் உழவு' என்ற தைல வண்ண ஓவியம் 1849-ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. வரைந்தவர் ரோசா பொனர். அப்போது அவருக்கு வயது 27. பிரெஞ்சு அரசு 1848-இல் பணம் கொடுத்து வரையச் சொன்ன படம் இது. இன்று பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் இரண்டரை மீட்டருக்கும் அதிகம். அத்தனை பெரிய திரைச்சீலைகளை அக்காலத்தில் போர்களுக்கும் புராணங்களுக்கும்தான் ஒதுக்குவார்கள். பொனர் அதை ஓர் உழவுக்குக் கொடுத்தார்.

குளிர்காலத்துக்கு முன் மண்ணைப் புரட்டிப்போடும் இலையுதிர்கால உழவு. இரண்டு ஏர்கள், ஏருக்கு ஆறாகப் பன்னிரண்டு மாடுகள். ஏருக்கு இரண்டு மாடு என்று பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிச் செல்லும். அங்குள்ள கலப்பையோ மண்ணை அடியோடு வெட்டிப் புரட்டும். இழுவை அதிகம், அதனால் மாடுகளும் அதிகம்.

படத்தின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள். புரண்டு கிடக்கும் மண்கட்டிகள் ஒவ்வொன்றுக்கும் தனி வடிவமும் தனி நிழலும் உண்டு. மேலே வானம் வழவழவென்று அமைதியாக இருக்கிறது. இந்த வேறுபாட்டினால்தான் மண்ணின் கனம் நமக்குப் புரிகிறது. மண்ணின் சொரசொரப்பு வெறும் அலங்காரமல்ல, மாடுகள் இதுவரை செய்து முடித்த வேலையின் கணக்கு. தைல வண்ணம் மெதுவாகக் காய்வதால் இப்படிப் பொறுமையாக இழைக்க முடிகிறது. பொனர் விலங்குகளின் உடற்கூற்றை அறிய இறைச்சிக்கூடங்களுக்கே சென்று படித்தவர். தோலுக்கடியில் எந்தத் தசை இறுகும் என்பது அவருக்குத் தெரியும்.

ஏரோட்டிகள் எங்கே? மாடுகளுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிறார்கள். ஒரு மாடு மட்டும் நம்மைப் பார்க்கிறது. இதே 1849-இல் கூர்பே வரைந்த 'கல் உடைப்போர்' படத்திலும் உழைப்பவர்களின் முகம் தெரியாது. ஆனால் அங்கே கிழிந்த உடை வறுமையைச் சொல்லிவிடுகிறது. இங்கே வெயிலும் வளமும்தான். 1848 புரட்சிக்குப் பின் வந்த அரசுக்கு இந்த நிறைவான கிராமம் பிடித்திருந்ததில் ஆச்சரியமில்லை.

ஆகவே, உழைப்பின் அழகைப் பொனர் மறைக்கவில்லை. உழைப்பவனின் கூலியைப் பற்றி மட்டும் எதுவும் பேசவில்லை. யதார்த்தவாத ஓவியம் ஒன்றைப் பார்க்கும்போது அதில் என்ன தத்ரூபமாக இருக்கிறது என்பதோடு, யார் பின்னால் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.